வெளிச்சம் பார்த்த படம்

அவருடைய பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். முழுப்பெயர், தகப்பன் பெயர், ஞானஸ்நானப் பெயர் எல்லாமே தெரியும். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோர் வாசலில் நாங்கள் வரிசையில் நின்ற காலத்தில், உள்ளே இருந்த பொலிஸ்காரனுக்கு அவர் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்ததைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். என்றாலும் இங்கே அதை எழுதமாட்டேன். அந்த நாளில் இத்தாலியின் பலேர்மோவில் இருந்த எங்கள் சனம் அவரைப் படக்காரர் என்றுதான் சொல்லும். நான் அண்ணை என்று கூப்பிட்டேன். அவ்வளவு போதும்.

குள்ளமான மனிதர். கமராப் பையைத் தூக்கித் தூக்கி இடது தோள் கொஞ்சம் இறங்கிவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் ஆளைப் பார்க்கமாட்டார், முதலில் யன்னலைத்தான் பார்ப்பார். தேத்தண்ணி கொடுத்தால் கதிரையை இழுத்து வெளிச்சம் விழுகிற பக்கம் போட்டுக்கொண்டு குடிப்பார். வீட்டுக்காரருடைய சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

படம் எடுக்கிற முறையும் அப்படித்தான். ஆளை நிறுத்திவிட்டு, பையைத் திறந்து, கமராவைத் துடைத்து, என்னென்னவோ திருகுவார். அதற்குள் நாங்கள் தலைமயிரைச் சரி செய்வோம், சேலைத் தலைப்பை இழுப்போம், பிள்ளையின் மூக்கைத் துடைப்போம். அந்த நேரம் பார்த்து ஒரு 'டிக்' கேட்கும்.

"எடுத்துப் போட்டீங்களோ அண்ணை? நான் இன்னும் ஆயத்தமில்லை."

"சீச்சீ. வெளிச்சம் பாத்தனான். இனித்தான் படம். வடிவா நில்லுங்கோ."

எத்தனை தரம் கேட்டிருப்போம் இந்த வசனத்தை! சின்னப் பிள்ளைகள் விளையாட்டில்கூட ஒன்றின் முன்னால் ஒன்று நின்று "வெளிச்சம் பாத்தனான்" என்று சொல்லிச் சிரிக்கும். இந்த மனிதன் வெளிச்சம் பார்த்தே பிலிம் றோலை முடித்துவிடுவார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். "றோல் என்ரை. நீங்கள் ஏன் கவலைப்படுறியள்?" என்பார். மனசு பெரிய மனிதன் என்று நினைத்தோம். நானும்தான் நினைத்தேன்.

அவருடைய பையில் கமராவைவிட முக்கியமான சாமான் ஒன்று இருந்தது. ஒரு நீலக் கோட்டு. யாருக்கும் அளவில்லாத கோட்டு அது. மெலிந்தவர்களுக்கு முதுகுப் பக்கத்தில் உடுப்புக் கொழுவுகிற கிளிப்புகளைப் போட்டு இறுக்குவார், முன்னால் பார்த்தால் தைத்துப் போட்டது மாதிரி இருக்கும். தடித்தவர்களைப் பொத்தான் பூட்டாமல் ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விடச் சொல்லுவார். வீட்டுக்கார சினியோராமாரின் குசினியைத் துடைத்த கைகளும், துறைமுகத்தில் பெட்டி இறக்கிய தோள்களும் அந்தக் கோட்டுக்குள் புகுந்து வெளிக்கிட்டுத்தான் ஊருக்குப் போயின. மன்னாரிலும் தீவுப் பக்கத்திலும் எத்தனை வீட்டுச் சுவரில் அந்தக் கோட்டுத் தொங்கியதோ தெரியாது. ஒருநாள் எங்கள் ஊரில் இரண்டு தாய்மார் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே கோட்டு, ஒரே பொத்தான். இத்தாலிக் கொம்பனி கொடுக்கிற உடுப்பாக்கும் என்று முடிவு கட்டி, நல்ல கொம்பனி என்று இருவரும் சந்தோஷப்பட்டார்களாம்.

ஞாயிறு பூசை முடிய, சில வேளை எங்களைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிப் பகேரியாவுக்குப் போவார். அங்கே பழைய பிரபுக்களின் மாளிகைகள் இருக்கின்றன. பூட்டிய கேற்றுக்கு முன்னால், கையில் திறப்புக் கோர்வையோடு நிற்கச் சொல்லுவார். எங்கள் அறைத் திறப்புத்தான். படத்தில் அது மாளிகைத் திறப்பாகிவிடும். பகேரியாவில் எங்கள் எல்லோருக்கும் ஒவ்வொரு மாளிகை இருந்தது, பொழுதுபடுவதற்குள் அதை விட்டுவிட்டு போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பின்னால் நாலு பேர் படுக்கிற அறைக்குத் திரும்பி வருவோம்.

எங்களை இப்படி வடிவாக்கி அனுப்பிய மனிதர், தான் மட்டும் வேறு மாதிரிப் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் அவருக்கு வேலை, ஓய்வு பெற்ற ஒரு பத்திரிகைப் படக்காரக் கிழவரின் வீட்டைத் துப்புரவாக்குவது. இந்த நகரத்தின் கெட்ட காலத்தில், மாஃபியாச் சண்டையில் தெருவில் சுடப்பட்டு விழுந்தவர்களைப் படம் எடுத்தவர் அந்தக் கிழவர். தாழ்வாரமெல்லாம் சாவு என்பார் எங்கள் படக்காரர், தூசி தட்டுகிறபோது பிணங்களின் படம் போட்ட கண்ணாடிச் சட்டங்களைத்தான் தட்டுவாராம். கிழவர்தான் பழைய கமராவைக் கொடுத்ததும், கையைப் பிடித்துப் பழக்கியதும்.

அங்கே கேட்டதை எங்களுக்கு வந்து சொல்லுவார். நாங்கள் படத்துக்காகச் சேலைக்கு ஊசி குத்துகிற நேரத்திலும் விடமாட்டார்.

"பேப்பர்ப் படம் எண்ட சாமானை இந்த மாதிரி ஆக்கினது ஆர் எண்டு நினைக்கிறியள்? கனபேர் எங்களை மாதிரிச் சனம்தான். தங்கடை நாட்டிலை இருக்கேலாமல் ஓடினவங்கள். போன இடத்திலை பாஷை தெரியாது. கையிலை ஒரு சின்னக் கமரா. வாய் திறக்கேலாதவனுக்குக் கண் திறந்தது."

"உங்களுக்கு வாயும் திறந்துதான் கிடக்குது அண்ணை" என்பேன்.

சிரிப்பார். "பிறந்த ஊரிலையே கிடக்கிறவன் தெருவைப் பாக்கமாட்டான் தங்கச்சி. வந்தவன்தான் பாப்பான். அவனுக்கு எல்லாம் புதுசு. அவனை ஒருத்தரும் திரும்பியும் பாக்கமாட்டினம். பக்கத்திலை போய் நிண்டாலும் தெரியாது."

பக்கத்தில் வந்து நின்றாலும் தெரியாது என்று அவரே சொன்னார். எங்களுக்குத்தான் விளங்கவில்லை. அவர் உலகத்தைப் பற்றிக் கதைக்கிறார் என்று நினைத்தோம்.

படம் கழுவி வந்ததும் உறையில் போட்டு வீட்டுக்கு வீடு கொண்டுவந்து தருவார். ஆனால் நெகட்டிவ் தரமாட்டார். கேட்டால், "உங்கடை அறையுக்கை கிடந்தா துலைஞ்சுபோம். என்னட்டை இருக்கட்டும். எப்ப வேணுமெண்டாலும் கேளுங்கோ" என்பார். நத்தாருக்குக் கேக் வருகிற பெரிய தகரப் பேணிகளில் அடுக்கி, கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். மழைக்கு அறையில் தண்ணீர் வந்தபோது தன் பாயையும் தலையணையையும் விட்டுவிட்டு, அந்தப் பேணிகளைத்தான் முதலில் மேசைமேல் தூக்கி வைத்தாராம். எங்கள் படங்களில் எவ்வளவு பாசம் என்று சொல்லிக்கொண்டோம்.

கெட்ட மனிதரென்றால் எனக்கு இவ்வளவு எரியாது. நான் வந்த புதிதில், வாயில் ஒரு சொல் இத்தாலியன் இல்லாமல் நின்றபோது, குவெஸ்தூராவுக்கு என்னோடு வந்து வரிசையில் நின்றவர் அவர். கடவுச்சீட்டு அளவுப் படங்களை ஒருவரிடமும் காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்தவர். எனக்குக் காய்ச்சல் வந்த கிழமை சூப் காய்ச்சி, வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். தனியே இருக்கிற பெட்டையின் அறைக்குள் வரக்கூடாது என்ற எண்ணம். அந்த வாசற்படியைத் தாண்டாத மனிதர் எதைத் தாண்டினார் என்பதுதான் கதை.

அப்பா செத்த செய்தி, நான் பார்த்துக்கொண்டிருந்த கிழவி வீட்டுத் தொலைபேசிக்கு வந்தது. போக முடியாது. பெர்மெசோ கைக்கு வரவில்லை, வெளியேறினால் திரும்பி உள்ளே வரமுடியாது. கிழவியின் மகள் என் தோளைத் தடவிவிட்டு, தன் அம்மாவுக்குக் கால் கழுவ வேண்டிய நேரமாகிவிட்டது என்றாள். கழுவினேன்.

பிறகு அம்மா சொல்லி அனுப்பினா. முப்பத்தோராம் நாள் பூசைக்கு அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வைக்க என்னுடைய படம் ஒன்று வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் வந்துவிட்டிருந்தது. வெளிநாட்டில் நிற்கிற பிள்ளை வரமுடியாவிட்டால், பிள்ளையின் படம் வந்து குடும்பத்தோடு நிற்கும். ஊருக்குப் போகிற ஒருவர் கொண்டுபோவதாக ஏற்பாடு.

போர்கோ வெக்கியோவில் படக்காரரின் அறைக்குப் போனேன். இரவல் வெள்ளைச் சேலை. யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுவிட்டு, பின்னால் போர்வை ஒன்றைக் கட்டினார். ஒன்றும் கதைக்கவில்லை. அந்த அமைதிதான் என்னைக் கெடுத்தது. வாயில் தானாக ஒரு கேள்வி வந்தது.

"அண்ணை, அப்பாவைப் பெட்டிக்குள்ளை வைக்கேக்கை இஞ்சை என்ன நேரம் இருந்திருக்கும்?"

நானே கணக்குப் பார்த்தேன். கிழவிக்கு இறைச்சி வெட்டி ஊட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அன்றைக்கு அவள் ஏதோ சொல்ல, நான் சிரித்துமிருந்தேன். அது ஞாபகம் வந்ததும் உடைந்துவிட்டேன். சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு, அப்பா அப்பா என்று, அந்தச் செய்தி வந்த நாளில்கூட அழாத அழுகை அழுதேன்.

'டிக்' என்று கேட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். கமராவைத் தாழ்த்தினார். "ஒண்டுமில்லைத் தங்கச்சி. வெளிச்சம் பாத்தனான். நீங்கள் அழுங்கோ."

பிறகு தண்ணீர் கொண்டுவந்து தந்தார். துவாயை நனைத்துக் கொடுத்து முகத்தைத் துடைக்கச் சொன்னார். கதிரையில் இருந்த என்னை எழுப்பி, நேராக நிற்க வைத்தார்.

"அழுத முகத்தை அனுப்பாதேங்கோ. அங்கை ஏற்கனவே அழுதுகொண்டுதான் இருக்கினம். அம்மா பாக்கிறா எண்டு நினைச்சுக் கொஞ்சம் சிரியுங்கோ. பிள்ளை நல்லாத்தான் இருக்கு எண்ட நிம்மதியாவது அந்த மனுசிக்கு இருக்கட்டும்."

சரியென்று பட்டது. சிரித்தேன். அந்தப் படம் ஊருக்குப் போயிற்று.

அதன் பிறகு அம்மாவின் குரலில் ஏதோ ஒன்று இறுகிவிட்டது. சுகம் கேட்பா, காசு வந்தது என்பா, செபம் சொல்லு என்பா. முன்னர் மாதிரி என் பெயரை இழுத்துச் செல்லமாகக் கூப்பிடமாட்டா. அப்பாவின் முகம் பார்க்க வராத கோபம் என்று நினைத்தேன். பெர்மெசோ கிடைத்து முதன்முதல் ஊருக்குப் போனபோதும் கட்டிப்பிடித்தா, ஆனால் கை என் முதுகில் நிற்கவில்லை. பூசைக்கு அனுப்பிய என் படம் சுவரில் இருக்கவில்லை என்பதைக் கவனித்தேன். கேட்கவில்லை.

படக்காரர் இதற்கிடையில் வடக்கே எங்கேயோ போய்விட்டார். பேணிகளையும் கொண்டுபோனார். கலியாணம், பிள்ளை, வேலை என்று எனக்கும் வருடங்கள் ஓடின. இப்போது எல்லோர் கையிலும் கமரா, அந்த நீலக் கோட்டை யாரும் தேடவில்லை.

இந்த வசந்தத்தில் என் மகள் தொலைபேசியில் ஒரு படம் அனுப்பினாள். பொலித்தேயாமா தியேட்டருக்குப் பக்கத்தில் பஸ் தரிப்பிடம். கண்ணாடிக்குள் ஆளுயர விளம்பரம். வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு ஒரு பெண் அழுகிறாள்.

"மம்மா, இது நீங்களோ? க்வெஸ்தா செய் து?" மகளுக்குக் கோபமா பயமா தெரியவில்லை, இரண்டு பாஷையிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கண்காட்சி துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பழைய பண்டகசாலையில் நடந்தது. புலம்பெயர்ந்த ஒரு படக்காரரின் கண்ணால் பலேர்மோ என்று வாசலில் எழுதியிருந்தது. உள்ளே போனால் எங்கள் சனம் முழுக்கச் சுவரில். முதுகில் கிளிப்புகளோடு நீலக் கோட்டுப் போட்ட மனிதன், பக்கவாட்டில். பூட்டிய மாளிகைக் கேற்றுக்கு முன்னால் கிழிந்த சப்பாத்தைத் தன் மற்றக் காலுக்குப் பின்னால் ஒளிக்கிற பெடியன். பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிற தாய், கண்ணில் நித்திரை. நாங்கள் வடிவாக நின்ற படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெளிச்சம் பார்த்த படங்கள்.

படங்கள் நன்றாக இருந்தன. அதைச் சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி. எங்களை அவ்வளவு உண்மையாக ஒருவரும் பார்த்ததில்லை. அதனால்தான் எனக்கு எரிந்தது.

என் படம் கடைசிச் சுவரில், தனியே. கீழே சின்னப் பலகையில் இத்தாலியனில் எழுதியிருந்தது: 'பெயர் தெரியாத பெண், போர்கோ வெக்கியோ.' மூன்று தரம் வாசித்தேன். குவெஸ்தூரா வரிசையில் என் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணைத் துடைத்தாள். தொலைபேசியை எடுத்து என்னைப் பார்த்தாள். "மன்னிக்கவேணும் சினியோரா, கொஞ்சம் விலகுவீர்களா? படம் மறைக்கிறது" என்று மரியாதையாகக் கேட்டாள். விலகினேன்.

படக்காரர் முன் மண்டபத்தில் மைக் பிடித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை, தோள் இன்னும் இறங்கியிருந்தது. பழைய கதைதான். பேப்பர்ப் படத்தின் சரித்திரம், நாடு விட்டு ஓடியவர்கள், சின்னக் கமரா, பாஷை தெரியாதவனுக்குத் திறந்த கண். நாங்கள் சேலைக்கு ஊசி குத்தும்போது சொன்னதை நல்ல இத்தாலியனில் சொன்னார். கைதட்டினார்கள். கூட்டம் கலையக் கிட்டப் போனேன்.

"அண்ணை, என்னைத் தெரியுதோ?"

என் தலைக்கு மேலால் யன்னலைப் பார்த்தார், பிறகு என்னை. முகம் மலர்ந்து என் பெயரைச் சொன்னார். ஊரையும் சேர்த்துச் சொன்னார்.

"அப்ப பேர் ஞாபகம் இருக்கு."

"அதென்ன கதை தங்கச்சி, மறப்பனோ?"

"பிறகேன் உங்கை பேர் தெரியாத பெண் எண்டு போட்டிருக்கிறியள்?"

"பேர் போட்டா உங்களுக்குத்தானே கரைச்சல். உங்களைக் காப்பாத்தத்தான்."

"முகத்தைப் பஸ் தரிப்பிடத்திலை ஒட்டிப்போட்டுப் பேரைக் காப்பாத்துறியளோ?"

அவர் முகம் சுருங்கியது. குரலைத் தாழ்த்தி, பழைய பாசத்தோடு சொன்னார். "அது என்ரை வாழ்க்கையிலை நான் எடுத்த நல்ல படம் தங்கச்சி. உண்மையான படம். மற்றதெல்லாம் சும்மா."

"சும்மாப் படத்தைத்தானே எனக்குத் தந்தனீங்கள். இப்பிடி ஒண்டு இருக்கு, பாருங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொன்னீங்களோ?"

"நீங்கள் கேட்டது அதைத்தானே" என்றார்.

அதற்கு மேல் கதைக்க என்ன இருக்கிறது? திரும்பி நடந்தேன். முதுகுக்குப் பின்னால் 'டிக்' என்று கேட்டது. நான் நிற்கவில்லை, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா அழைத்தா. என் தங்கச்சியின் மகன் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தான், திரையில் அம்மாவின் நெற்றி மட்டும் தெரிந்தது. பஸ் தரிப்பிடத்தில் இருந்த என் படம் தொலைபேசியில் கை மாறிக் கை மாறி மன்னாருக்கும் போய்விட்டதாம். பேசுவாவாக்கும், ஊரெல்லாம் பார்க்க அழுதுகொண்டு நிற்கிறாய் என்று குறை சொல்லுவாவாக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். ஆனால் அம்மா, அப்பா இருந்த காலத்தில் கூப்பிடுகிற மாதிரி என் பெயரை இழுத்துக் கூப்பிட்டா.

"இது அப்பாவுக்கு அழுததே பிள்ளை?"

"ஓம் அம்மா."

"நீ அண்டைக்கு அனுப்பின படத்தைப் பூசைக்கு வைச்சன். சனம் என்ன சொன்னது தெரியுமே? தேப்பன் செத்து இப்பத்தான் ஒரு மாசம், பெட்டை பல்லுக் காட்டிக்கொண்டு நிக்கிறாள் எண்டு. நான் அதுகளோடை சண்டை பிடிச்சன். பிறகு வீட்டை வந்து நானும் அந்தப் படத்தைப் பாத்தன். பாத்துப்போட்டு அலுமாரிக்குள்ளை கவிட்டு வைச்சிட்டன். இவ்வளவு காலமும் உன்னிலை எனக்கு..." மூக்கைச் சீறுகிற சத்தம் கேட்டது.

"இதை ஏனடி அப்ப எனக்கு அனுப்பேல்லை?"

"என்னட்டை இருக்கேல்லை அம்மா."

"உன்ரை படம் உன்னட்டை இல்லாமல் வேறை ஆரட்டை இருந்தது?"

அவருடைய பெயர் நாக்கு நுனி வரை வந்தது.

"ஆரோ ஒராள் அம்மா," என்றேன். "பேர் தெரியாது."